தொப்பிக்காரர் பாட்டில் ஒரு பெண் குரல்

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை நான் எளிதில் நம்புவதில்லை. முன்பு குடியிருந்த ஒருவர் தன்னைப் பெரிய சினிமா டைரக்டர் என்றார். காலி செய்து போன பிறகுதான் தெரிந்தது, பக்கத்துக் காபிக் கடையில் இதய டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தாராம்.

அதனால் போன வருடம் வந்த அமெரிக்க அம்மாவின் மேலும் ஒரு கண் வைத்திருந்தேன். எழுபதைத் தாண்டிய வயது, தனி ஆள். பல வருடமாக இந்த ஊரில் இருப்பதால் தமிழ் பேசுவார். கடைத்தெருவில் கற்ற தமிழ். ஜாஸ்தி, கம்மியெல்லாம் சரியான இடத்தில் விழும். சாயங்காலமானால் ஒரே சிடியைத்தான் போடுவார். மூக்கால் இழுத்துப் பாடும் ஓர் ஆண் குரல். மாவு அரைக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அதைக் கேட்டே ஆகவேண்டும்.

ஒரு நாள் துணி எடுக்க மாடிக்குப் போனபோது கேட்டுவிட்டேன்.

"கன்ட்ரி பாட்டு. எங்க நாட்டு கிராமத்துப் பாட்டு," என்று சிடியின் அட்டையைக் காட்டினார். அகலத் தொப்பி வைத்த ஒருவர் வேலியில் சாய்ந்து நின்றார். அவருடைய ஹிட் பாட்டுகளை மட்டும் சேர்த்துப் போட்ட தொகுப்பு அது. அவர் பாடியதிலேயே அதிகம் விற்றது அதுதானாம். பிறகு, பால் வாங்கியாச்சு என்று சொல்வதுபோல, "அவர்கூட பாடுற பொம்பளை நான்தான்," என்றார்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "உங்க பேரு போடலையே?"

"போடல," என்றார். அவ்வளவுதான்.

கீழே வந்து கணவரிடம் சொன்னேன். "அவங்க பாடினா நமக்கென்ன, பாடலைன்னா நமக்கென்ன? மோட்டார் போட்டியா?" என்றார். அவருக்கு எல்லாமே அப்படித்தான். எனக்கு மனசு ஆறவில்லை. ஊரெல்லாம் வாங்கிய பாட்டில் பாடியவர் எங்கள் மாடியில், ஒழுகும் குழாயோடு ஏன் இருக்கவேண்டும்? பாட்டு விஷயத்தில் பொய் சொல்கிறவர் மற்றதில் மட்டும் உண்மை சொல்வாரா? அவருடைய பாஸ்போர்ட் நகலை எடுத்து மறுபடியும் பார்த்தேன். அவரைப் பார்க்க வந்த ஒரு தாடிக்காரரைக்கூட வாசலிலேயே நிறுத்தி, யார், எவர் என்று விசாரித்தேன்.

அட்டையில் இருந்த தொப்பிக்காரரின் பெயர் நினைவிருந்தது. அதைப் போனில் தேடி, மாடியில் அடிக்கடி கேட்கும் லாரிக்காரனைப் பற்றிய பாட்டைக் கண்டுபிடித்தேன். காதில் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். ஆண் குரல் மட்டும்தான். திரும்பவும் கேட்டேன். பெண் குரல் மருந்துக்கும் இல்லை. பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் சந்து முனையைக்கூடத் தாண்ட முடியாது. அந்த அம்மா அறையிலேயே இருந்தார். போனோடு மேலே போனேன்.

"இதுல உங்க குரல் எங்க இருக்குது, சொல்லுங்க?"

தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் பயமே இல்லை. "ஐயோ, இது அவர் சின்னப் பையனா இருக்கறப்ப பாடினது. சிடியில இருக்கறது வேற," என்றார்.

"பாட்டு ஒண்ணுதானே?"

"பாட்டு ஒண்ணு. பாடினது ரெண்டு தடவை." பழைய கம்பெனி பழைய பதிவுகளைக் கொடுக்க மறுத்துவிட்டதாம். அதனால் வயதான பிறகு தொப்பிக்காரர் தன் ஹிட் பாட்டுகளை எல்லாம் புதிதாகப் பாடி, வேறு கம்பெனியில் தொகுப்பாகக் கொண்டுவந்தாராம். சுரம் உயரும் இடங்களில் குரல் ஏறாததால் துணைக்கு இவரைச் சேர்த்துக்கொண்டாராம். "ஜனங்க பழசுன்னு நெனச்சு இதைத்தான் வாங்கினாங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. டைரக்டர் சொன்னதும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சிடியைப் போடச் சொன்னேன். அதில் பெண் குரல் இருந்தது, உண்மைதான். இத்தனை மாதம் கேட்டும் நான் அதைத் தனியாகக் கவனித்ததில்லை. ஆனால் அது இவர் குரல் என்பதற்கு என்ன சாட்சி?

"நிறுத்திட்டு நீங்க பாடுங்க, பாக்கலாம்," என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் பாடினார். குரல் கரகரத்தது. அது நான் கேட்டுப் பழகிய மெட்டாகவே இல்லை. பாதி வரியில் வாயை மூடிக்கொண்டார், வேறெங்கோ தொடங்கினார், ஒரே சுரத்தில் வெகுநேரம் நின்றார். பாவம், பாடவே வராது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் சிடியை ஓட விட்டு, அதோடு சேர்ந்து மறுபடி அதையே பாடினார். அவர் விட்ட இடங்களில் எல்லாம் தொப்பிக்காரர் தனியாகப் பாடினார். அந்த அம்மா தொடங்கிய இடங்களில் சிடியிலிருந்த பெண்ணும் தொடங்கினாள். மூச்சு இழுப்பதுகூட இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்.

இறங்கி வந்து கணவரிடம் சொன்னேன். "தினம் கேட்டா யாரு வேணா பாடலாம்," என்றார். அதுவும் நியாயம்தான்.

ஆனால் தினம் நானும்தானே கேட்கிறேன்? மறுநாள் மாவு அரைக்கும்போது அந்தப் பெண்ணின் பங்கை மட்டும் முனக முயன்றேன். இரண்டு வார்த்தைக்குள் தொப்பிக்காரரின் மெட்டுக்கு வழுக்கிப் போய்விட்டேன். அந்த வாரம் முழுக்க முயன்றும் அப்படித்தான். தொப்பிக்காரர் குரல் ஓடும்போது அதன் பக்கத்திலேயே வேறு வழியில் விழாமல் நடப்பது, கேட்டுக் கேட்டு மட்டும் வருகிற காரியமாகத் தெரியவில்லை.

அந்த அம்மா இன்னும் மாடியில்தான் இருக்கிறார். குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டோம். மேலே குடியிருப்பது யார் என்று கேட்கும் ஆட்டோக்காரர்களிடம், "அமெரிக்காவுல பெரிய பாட்டுக்காரங்க," என்று சொல்கிறேன்.

போன வாரம் அதைக் கேட்ட கணவர் சிரித்தார். "அப்ப நீ நம்பிட்ட?"

"முக்கால்வாசி," என்றேன்.