டிராகனுக்கு எதற்கு நகம்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு டிராகனுக்கு மார்க் போட்டேன். குறைத்துத்தான் போட்டேன்.

இங்கே நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி. கற்பனை உயிரினம் ஒன்றை வரைய வேண்டும். அதன் உடம்பு அது வாழும் இடத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்று விளக்க வேண்டும். முப்பது வருடம் விலங்கியல் நடத்தி ரிட்டயர் ஆனவள் என்பதால் என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் விடுவேனா? சிவப்புப் பேனாவும் கையுமாகப் போய்விட்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியாததா!

ஒன்பதாம் வகுப்பு கௌசல்யாவின் சார்ட் முன்னால் அப்படியே நின்றேன். தண்ணீரில் வாழும் டிராகன். இறக்கைகள் குறுகி, திருக்கை மீனின் துடுப்பு மாதிரி உடம்போடு ஒட்டியிருந்தன. மூக்குத் துவாரம் முதலைக்குப் போல நீண்ட வாயின் நுனியில், மேல்பக்கமாக. வால் பக்கவாட்டில் தட்டையாக, தண்ணீரைத் தள்ளுவதற்குத் தோதாக. கண்ணுக்குள் கண்ணாடி போல இன்னொரு இமை.

"நெருப்புப் பை எங்கேம்மா?" என்றேன்.

"தண்ணியில நெருப்பு எதுக்குங்க மேடம்? அந்தப் பையில காத்த ரொப்பிக்கும். மேல வரணும்னா ஊதிக்கும். கீழ போவணும்னா விட்டுடும்."

அசந்துவிட்டேன். மீனின் காற்றுப்பையை இவ்வளவு லேசாக எந்தப் பாடப்புத்தகம் சொல்லியிருக்கிறது? முதல் பரிசு இவளுக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அப்புறம்தான் கால்களைப் பார்த்தேன்.

நாலு காலிலும் அரிவாள் மாதிரி வளைந்த நகங்கள். ஒவ்வொன்றும் காலைவிட நீளம்.

"நீந்துற பிராணிக்கு இது தப்பாச்சே. தண்ணியைத் தடுக்கும். விரலுக்கு நடுவுல ஜவ்வு போதும்."

"கரை ஏறணும்ல, மேடம்."

"ஆமை ஏறலையா? இவ்வளவு நகமா அதுக்கு?"

"அது சாய்ஞ்ச கரைங்க, மேடம்…"

நான் காதில் வாங்கவில்லை. பெருந்தன்மையோடு — ஆமாம், அப்படித்தான் நினைத்துக்கொண்டேன் — மேஜையிலிருந்த ரப்பரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பத்து நிமிஷம் தருகிறேன், நகத்தை அழித்துவிட்டுச் சின்னதாகப் போடு, ஃபர்ஸ்ட் பிரைஸ் உனக்கு.

ரப்பரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு திரும்ப மேஜையில் வைத்தாள். "பிரைஸ் வேணாங்க மேடம்."

திமிர் என்று நினைத்தேன். முதல் பரிசு ஒரு நிலா மனிதனுக்குப் போனது.

திங்கட்கிழமை காலை. எங்கள் பிளாக்கில் குப்பை எடுக்கும் அஞ்சலை கேட்டருகே தயங்கி நின்றார். கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிற முகம்.

"கௌசல்யா எம் பொண்ணுதாங்க. நகத்த அழிக்க சொன்னீங்களாமே. கோவிச்சிக்காதீங்கம்மா. அத மட்டும் அது அழிக்காதுங்க."

"ஏன் அஞ்சலை?"

"போன ஆடில எங்க பெரியவன் தவறிப் போய்ட்டானுங்க. முத்தாண்டிக்குப்பம் பக்கம், வூட்டுக்குப் பின்னால, ரோட்டுக்கு மண்ணெடுத்த குழி. மழைத்தண்ணி ரொம்பிக் கெடக்கு. நல்லா நீச்சல் தெரிஞ்ச புள்ளைங்க. கரைக்கு வந்துட்டான். செங்குத்தா களிமண்ணு… வழுக்கிக்கினே இருக்கும். கரை முழுக்க வெரலு கீறுன தடம் வரிவரியா இருந்துச்சுங்க. இது பாத்துடுச்சு."

போன ஆடியில் அஞ்சலை பதினைந்து நாள் வேலைக்கு வரவில்லை. அப்போது சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, குப்பை அள்ள ஆளில்லை என்று சத்தம் போட்டது யார்? நான்தான்.

எனக்குத் தெரிந்த தண்ணீர் எது? டவுன்ஷிப் நீச்சல் குளம். அதற்கு ஸ்டீல் ஏணி உண்டு. கைப்பிடி உண்டு. விசில் ஊத ஆள் உண்டு. நமக்குக் கிடைத்த கரையை வைத்துக்கொண்டுதான் அடுத்தவர் நீந்துவதற்கு மார்க் போடுகிறோம்.

"இப்பவும் அங்க பிள்ளைங்க போகுதா?"

"சொன்னா கேக்குதுங்களா? வெயிலுக்கு அங்கதான் குளிச்சிக்கினு கெடக்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை கணவரோடு அங்கே போனேன். அவர் மைன்ஸில் ஷிஃப்ட் பார்ப்பவர். முடிச்சுப் போடத் தெரிந்தவர். கடையில் கட்டைவிரல் தடிமனுக்கு நைலான் கயிறு வாங்கிக்கொண்டோம். வேலி போடச் சொல்லி மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனு நகர்கிற வேகம் உங்களுக்கே தெரியும்… அதுவரை பிள்ளைகள் காத்திருப்பார்களா?

கௌசல்யாவும் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க மேடம்" என்றாள், குழியைப் பார்த்துக்கொண்டே.

குழி ஓரத்தில், ‘தானே’ புயலுக்குத் தப்பிய முந்திரி மரம் ஒன்று. அதன் அடியில் கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார் என் கணவர். ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு, கை வழுக்காமல் இருக்க. நுனி தண்ணீரைத் தொட்டது. எனக்குத் திருப்தி.

கௌசல்யா இரண்டு கையாலும் பிடித்து, தன் எடை முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு களிமண் சுவரையே மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"பத்தாதுங்க மேடம். சித்திரையில தண்ணி ரெண்டு ஆளு ஆழம் கீழ போய்டும். அப்பதான் புள்ளைங்க நெறைய வரும்."

கடைக்குத் திரும்பிப் போனோம். இந்த முறை எவ்வளவு நீளம் என்று அவளைத்தான் கேட்டேன்.