ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள்

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அலுவலகம் எங்கள் வீட்டில் பொருத்திய மோடமும், நான் கடையில் வாங்கிய வயர்லெஸ் ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே எண்ணைத் தாங்கியிருக்கின்றன. ஓர் எண் இரு கருவிகளுக்கு எப்படி வழங்கப்பட்டது என்பதை விசாரித்துச் சரியான எண்ணைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை இரண்டையும் பயன்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன்.”

தொலைபேசி அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் இது. நாள் 12.8.2007, ஞாயிறு. கோப்பில் இருக்கிறது. பதில் வரவில்லை. இன்று படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எழுதிய அன்று சிரிக்கவில்லை. கீழ்வீட்டில் இருந்த என் மகளை மாடிக்குத் திரும்ப அழைத்து வர என்னிடம் இருந்த ஒரே வழி அந்த இரண்டு பெட்டிகள்தான்.

என் சொந்த ஊரான கோவில்பட்டியில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடியில், கர்நாடக எல்லையை ஒட்டி மாடி வீடு, வாடகைக்கு. சமையலறையில் நின்றால் செல்போன் தமிழ்நாடு என்று காட்டும். பின்பக்க அறைக்குப் போனால் கர்நாடகம் வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி வரும். அந்த அறையில் போனை எடுத்தால் வெளிமாநிலக் கட்டணம். அதனால் இந்தத் தெருவில் யார் வீட்டில் மணி அடித்தாலும் முதலில் சமையலறைக்கு ஓடுவார்கள். ஊரிலிருந்து வந்த என் அக்கா, “அடுப்புல என்னடா வச்சிருக்க, இப்படி ஓடுத?” என்று கேட்டாள். பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கீழ்வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரின் மனைவி மஞ்சுளா. கணவருக்குப் பாகலூரில் ரோஜாத் தோட்டம். மஞ்சுளா ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. வீட்டுக்குள் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு, எதுவும் செய்யாதவர்போல் நிற்பார். என் மகள் கயல் அப்போது பிளஸ் ஒன், கணினிப் பிரிவு. மஞ்சுளாவின் வீட்டில் எல்லா அறையிலும் வயர் இல்லாமல் இணையம் வரும். எங்கள் வீட்டில் மோடம் கூடத்தில், கணினியும் கூடத்தில், டிவிக்கு அருகில். அங்கே உட்கார்ந்து படிக்க முடியவில்லை என்று கயல் கீழே போக ஆரம்பித்தாள். மஞ்சுளாவை அத்தை என்று கூப்பிடவும் ஆரம்பித்தாள். பொறாமை என்ற சொல்லை என் டைரியில் எங்கும் எழுதவில்லை. “கயல் 6.10க்குக் கீழே. 8.25க்கு மேலே.” இப்படித்தான் எழுதினேன், இருபத்து மூன்று நாட்கள்.

ஒரு சனிக்கிழமை என் அக்கா கோவில்பட்டியிலிருந்து பேசினாள். சமையலறையில் நின்று, “கயல், அத்தை பேசுதாங்க, வாம்மா” என்று கூப்பிட்டேன். படியேறி வந்தவள் மூச்சு வாங்கியபடி, “இப்பத்தானே கீழ இருந்து வர்றேன், அதுக்குள்ள என்னவாம்?” என்றாள். போன் என் கையில் இருந்தது. அக்காவுக்குக் கேட்டிருக்கும். “பிள்ளைக்கு அங்கயே அத்தை கிடைச்சாச்சு போல” என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு நெடுநேரம் காதிலேயே இருந்தது. அடுத்த ஞாயிறு பெங்களூருக்குப் போய் ரவுட்டரும், கணினியில் செருகும் வயர்லெஸ் அடாப்டரும் வாங்கி வந்தேன். கணினியைப் பின்பக்கத்தில் இருக்கும் கயலின் அறைக்கு மாற்றினேன். கீழே இருப்பதெல்லாம் இனி இங்கேயும் இருக்கும் என்பது என் கணக்கு.

இணையம் வரவில்லை. எந்தப் பக்கமும் பாதி திறந்து நின்றுவிடும். அமைப்புகளைப் பார்க்க அந்த எண்ணைத் தட்டினால் ஒருமுறை மோடத்தின் பக்கம் வரும், மறுமுறை ரவுட்டரின் பக்கம் வரும். பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டின் அடியிலும் அதே எண், அச்சிட்ட லேபிளில்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கேஜ் ரூமில் எனக்கு வேலை. அங்கே ஒவ்வொரு கருவியிலும் ஓர் எண் பொறித்திருக்கும். கருவி தேய்ந்தாலும் எண் மாறக் கூடாது. சேர்ந்த இரண்டாவது வருடம், என் பக்கத்து மேசைக்காரர் தொலைந்துபோன கேஜ் ஒன்றின் எண்ணை வேறொன்றில் பொறித்துவிட்டார். மறுநாள் அவர் மேசை காலியாக இருந்தது. ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் கிடைத்தால் இரண்டிலும் சிவப்பு அட்டை கட்டி, பூட்டி வைத்து, எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விதி அது. நான் அதையே செய்தேன். மோடத்துக்கு ஓர் அட்டை, ரவுட்டருக்கு ஓர் அட்டை. காரணம், தேதி, கையொப்பம். இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

என் மனைவி செல்வி என்னிடம் சாவியை வாங்கி, பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். “ஏங்க, அதுக ரெண்டும் என்ன தப்புப் பண்ணிச்சு, என் பட்டுச்சேலை பக்கத்துல ஜெயில்ல போட்டிருக்கீக?”

“விசாரணை முடியட்டும்.”

“விசாரணை முடியறதுக்குள்ள உங்க மக கீழ்வீட்டுக்கே பாயைத் தூக்கிட்டுப் போயிருவா.”

அவள் சொன்னபடிதான் ஆனது. முன்பு கூடத்திலாவது இணையம் இருந்தது. இப்போது வீட்டில் எங்கும் இல்லை. டைரியில் 5.50, 8.40 என்று நேரம் இரு பக்கமும் நீண்டது. செய்தது நான்தான், ஆனாலும் கோபம் கீழே இருப்பவர்மேல் வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு மஞ்சுளாவே மேலே வந்தார், கையில் ரோஜாக்கட்டு. செல்விதான் சொல்லியிருக்க வேண்டும். “அண்ணா, இதுக்குப் போயி லெட்டர் எழுதினீங்களா? ரவுட்டர்ல நம்பரை மாத்திட்டாப் போதுங்ணா. ஒண்ணு ரெண்டாகணும், அவ்ளோதான்.”

“அச்சடிச்ச நம்பரை மாத்துறதா?”

“லேபிள் கெடக்குது உடுங்ணா. உள்ள போயி மாத்தறது. மோடத்துக்குப் பொறத்தால ஒரு ரவுட்டர், அதுக்கு வேற நம்பர். ஒயரையும் அந்தக் கலர் ஓட்டையில குத்தணும். எங்கூட்லயும் அப்பிடித்தான் பண்ணோம்.”

அவர் எளிதாகச் சொன்னதுதான் என்னைக் குத்தியது. “எங்க ஃபாக்டரியில இதுக்கு வேலை போயிரும்மா” என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சத்தமாகச் சிரித்தார். கயலும் சிரித்தாள், அவர் சிரிக்கும் அதே ராகத்தில். “தேங்க்ஸ்மா, லெட்டருக்குப் பதில் வரட்டும்” என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே போன் எதுவும் வந்திருக்கவில்லை.

மஞ்சுளா போன பிறகு கயல் வாசலில் நின்று, “அப்பா, நீங்க நெட்டைப் பூட்டலை, என்னைப் பூட்டணும்னு பாக்குறீங்க” என்றாள். பீரோச் சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். அன்று என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

30.8.2007, வியாழன். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மணி 6.20. கீழ்வீட்டு வாசலில் கயலின் செருப்பு இல்லை. மாடியில், அவள் அறையில் விளக்கு எரிந்தது. கணினிமுன் உட்கார்ந்திருந்தாள். மேசையில் மோடமும் ரவுட்டரும் பச்சைப் புள்ளிகளோடு மினுங்கின. இரண்டு சிவப்பு அட்டைகளும் டிவிமேல் நேராக அடுக்கப்பட்டிருந்தன. ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். லேபிளின்மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது: “192.168.2.1. மாற்றிய நாள் 30.8.2007. காரணம்: ஒரே எண்.” கீழே கயலின் கையொப்பம். கேஜ் ரூமில் நான் எழுதும் அதே வரிசை.

“நீயா மாத்தின?”

“ஆமாப்பா.” திரையிலிருந்து திரும்பவில்லை.

அதை அப்படியே நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் சமையலறையில் கழுவிக் கவிழ்த்த காப்பி டம்ளர்கள் மூன்று. மேசை ஓரத்தில் ஒரு ரோஜா இதழ். செல்வியைக் கேட்டேன். “நான் ரேஷனுக்குப் போயிருந்தேன். லைன் வந்துச்சா இல்லையா, அதைப் பாருங்க.” கயல் அதற்குள் பின்பக்க ஜன்னலைத் திறந்து, “அத்தை! சூப்பரா வருது!” என்று கீழே குரல் கொடுத்தாள். கீழிருந்து தெலுங்கில் ஏதோ பதில் வந்தது. எனக்குப் புரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அதே மொழியில் திருப்பிச் சொன்னாள்.

அதன்பிறகு கயல் பெரும்பாலும் வீட்டிலேயே படித்தாள். அதில் எனக்குக் குறை இல்லை. நான் அந்த ரவுட்டருக்குக் கோவில்பட்டி என்று பெயர் வைத்தேன். கயலின் அறையில் கணினியைத் திறந்தால் கோவில்பட்டியும் மஞ்சுளாவும் வயர்லெஸ் இணைப்புகளின் பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், இரண்டுக்கும் முழு சிக்னல் கோடுகள். பக்கத்தில் வைத்த என் செல்போன் கர்நாடகம் என்று காட்டும். நான் இணைப்பைச் சரிபார்க்கும் சாக்கில் கொஞ்ச நேரம் அங்கே நிற்பேன்.

துண்டுத் தாளில் எழுதியது கயல்தான். கையெழுத்து அவளுடையது, அதில் ஐயம் இல்லை. ஆனால் அன்று மாலை 6.20க்கு முன்னால் ஒன்றை இரண்டாக்கியது அவள் விரலா, கீழ்வீட்டு விரலா என்பது தெரியவில்லை. டைரியில் அந்த நாளுக்கு எதிரே “சரிபார்க்கப்படவில்லை” என்று எழுதினேன். இரண்டு வருடம் ஆகிறது. குறிப்பு அப்படியேதான் இருக்கிறது.