துவக்கு உதைத்த தோள்

மொன்றியல் மெட்ரோவில் ஏறியதும் வழக்கம்போல மேல்கம்பியைப் பிடிக்க வலது கையைத் தூக்கினேன். கை வரவில்லை.

என் முகம் கோணியதைப் பார்த்து, ஸீட்டில் இருந்த பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். அவருக்கு அறுபது வயதிருக்கும். எனக்கு இருபத்திரண்டு. மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

இது நடந்து மூன்று வாரம். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை... எழுதுகிறேன்.

என் தோளை உதைத்தது ஒரு துவக்கு. துப்பாக்கிதான்.

பயப்படாதீர்கள். நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் பயிர், பறவை, மண் என்று படிக்கிற அப்பாவிதான். இந்தக் கோடையில் வடக்கே, மரமே முளைக்காத பனிநிலத்தில், காட்டு வாத்துகளின் கூடுகளை எண்ணும் குழுவில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. வாத்து சாது. ஆனால் வாத்து முட்டை தின்ன வெள்ளைக் கரடி வரும். அதனால் குழுவில் போகிற எல்லோரும் துவக்குச் சுடும் சோதனையில் தேற வேண்டும். தேறாதவருக்கு விமானத்தில் இடமில்லை. இரண்டே இரண்டு சந்தர்ப்பம்.

சோதனை நடந்தது நகருக்கு வெளியே ஒரு தனியார் சுடுதளத்தில். நடத்தியவர் பெயரை மார்செல் என்று வைத்துக்கொள்வோம். மீசை, தொப்பி, முப்பது வருட வேட்டை அனுபவம். அதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவரே சொன்னார்.

அவர் கொடுத்தது பம்ப் அக்ஷன் ஷொட்கன். ஒவ்வொரு வெடிக்கும் முன்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். கரடிக்குப் போடுகிற தோட்டாவில் சின்னச் சின்னச் சன்னங்கள் இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒற்றை ஈயக் குண்டு. அது முன்னால் பாயும்போது துவக்கு பின்னால் பாய்கிறது. பாய்ந்து எங்கே இடிக்கும்? பின்கட்டை முட்டிக்கொண்டிருக்கிற தோளில்!

காலையிலிருந்து பயிற்சிக்கென்று இருபது வெடி. பிறகு சோதனை. நான்கு குண்டு, அதில் குறைந்தது மூன்று குறியட்டையின் வட்டத்துக்குள் விழ வேண்டும். முதலாவது நடுவில். இரண்டாவது கொஞ்சம் கீழே, ஆனால் வட்டத்துக்குள். மூன்றாவதுக்கு என் விரல் விசையைத் தொட முன்பே கண் மூடிக்கொண்டது. குண்டு அட்டையிலேயே படவில்லை. நான்காவது மண்ணுக்குள்.

"பெயில்," என்றார் மார்செல். சந்தோஷமாகத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. எனக்கு முன்னால் சுட்டவள் சோஃபி. என் வகுப்பு. அபித்திபிக் காட்டுப் பக்கத்துப் பெண். என்னில் பாதி இருப்பாள். தன் சொந்தத் துவக்கோடு வந்திருந்தாள். அதுவும் பம்ப் அக்ஷன்தான். ஆனால் பின்கட்டைக்குள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்தது. வெடித்ததும் கட்டை சுருங்கி உதைப்பில் பெரும்பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது, மிச்சம்தான் தோளுக்கு. காருக்கு ஷொக் அப்சோர்பர் இருக்கிறதே, அதே வேலை. மொன்றியல் குழிகளில் கார் ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நான்கு குண்டும் நடு வட்டத்தில் போட்டாள்.

"மெத்தையோடு வேட்டைக்குப் போகிறவளைப் பாருங்கள்!" என்று மார்செல் சிரித்தார்.

"நான் சுட்ட மூஸ் மான் ஒன்றும் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை," என்றாள் சோஃபி. பிறகு துவக்கை என்னிடம் நீட்டினாள். "உனக்கும் வேண்டுமா?"

மார்செல் என்னைப் பார்த்தார். "ஆண்பிள்ளைகளுக்குத் தோளில் எலும்பு இருக்கிறது. நீலம் பாரித்தால்தான் சுடப் பழகியதாக அர்த்தம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "கொண்டா" என்று சொல்லியிருக்க வேண்டும். "வேண்டாம்" என்றேன். இந்த ஒரு சொல்லுக்காக என் மேலேயே எனக்கு இன்னும் கோபம்.

கார்ட்டியர்வில்லில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தபோது அண்ணன் இருந்தார். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். இங்கே உணவகக் குசினி அடுப்படியில் நின்று என்னைப் படிக்க வைக்கிறவர்.

"என்னடா, கை தூக்கேலாமல் நிக்கிறாய்?"

"துவக்கு உதைச்சிட்டுது அண்ணை."

"படிச்ச தோள் அப்பிடித்தான். பேனை உதைக்காதெல்லோ! கழட்டு சேட்டை, பாப்பம்."

சேட்டுப் பொத்தான்களை அவிழ்த்துக் கழற்றினேன். வலது தோளில் வெற்றிலை அளவுக்குக் கருநீலம்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. என்னிடம் வரவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்து மூடினார்.

"வழியிலை ஆரும் கண்டவையோ?"

"அண்ணை... இது மொன்றியல்."

"தெரியும். கண்டவையோ எண்டு கேட்டனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில், இலங்கையில், யுத்த நாட்களில் ஆமிச் சோதனைச் சாவடிகளில் எங்கள் பெடியன்களின் சேட்டைக் கழற்றச் சொல்லித் தோளைப் பார்ப்பார்கள். துவக்கு உதைத்த அடையாளம் இருக்கிறதா, இயக்கத்துப் போராளியா என்று. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அண்ணன் அதைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார். ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி என் தோளில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"வவுனியாவுக்குப் போற வழியிலை. ஆமிக்காரன் விரலாலை அமத்திப் பாத்தான். ஒண்டுமில்லை, போ எண்டான். எனக்கு முன்னாலை நிண்டவன் அரிசி மூட்டை தூக்கிறவன். அவன்ரை தோளிலை காய்ப்பு இருந்தது. மூட்டைதான் ஐயா எண்டு கும்பிட்டுச் சொன்னவன்."

"பிறகு?"

"பிறகு என்ன பிறகு? நாங்கள் அவனைப் பேந்து காணேல்லை."

அண்ணன் துவாயைப் பிழிந்து மறுபடி வைத்தார். சுடுதளத்தில் நடந்ததைச் சொன்னேன், சோஃபி துவக்கை நீட்டியது வரைக்கும்.

"அந்தப் பெட்டை தந்த துவக்கை ஏன் வாங்கேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது அண்ணை."

"வெக்கமோ! தோளிலை அடையாளமில்லாமல் வந்ததாலைதான் நான் இண்டைக்கு உயிரோடை இருக்கிறன். நீ அடையாளம் வேணுமெண்டு வாங்கிக்கொண்டு வாறாய். உன்னைப் படிப்பிச்சதுக்கு..." வசனத்தை அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் கோபம் சரியான பக்கம் திரும்பியது. ஒருவனின் தோளைப் பார்த்து அவன் யார் என்று முடிவு கட்டுகிற உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது? அங்கே அடையாளம் இருந்தால் ஆள் இல்லை. இங்கே அடையாளம் இல்லாவிட்டால் ஆம்பிளை இல்லையாம்!

மார்செலை மட்டும் திட்டி என்ன பயன்? நம்மவர்களிடம் இந்த வியாதி இல்லையா? குசினியில் சூட்டுக் கையுறை கேட்கிற புதியவனிடம் "நாங்கள் வெறுங்கையாலை சட்டி தூக்கினனாங்கள்" என்று சொல்லாத பழையவர் எத்தனை பேர்? ஃபக்டரியில் இடுப்புப் பட்டி கட்டினால் சிரிப்பு. பனியில் நல்ல சப்பாத்துப் போட்டால் நக்கல். நாம் பட்டதை இன்னொருவன் படாமல் போய்விடுவான் என்பதில் நமக்கு ஏன் இத்தனை எரிச்சல்?

வீட்டில் பிரெஞ்சுக் கடிதம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். வாடகைக் கடிதம், மின்சாரக் கடிதம், வங்கிக் கடிதம்... எல்லாவற்றையும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். ஆனால் மார்செல் முதல் நாள் தந்த விதித்தாளை மடித்துப் பையில் போட்டிருந்தேன்! எடுத்தேன். மூன்று பக்கம், பிரெஞ்சில். மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது: துவக்கு சுடுபவரின் உடலுக்குப் பொருந்த வேண்டும், உதைப்பைக் குறைக்கும் பின்கட்டை அனுமதிக்கப்படும்.

அதற்குக் கீழே கையெழுத்து. யாருடையது? மார்செலுடையதேதான்!

போன சனிக்கிழமை இரண்டாவது சந்தர்ப்பம். சோஃபியிடம் இரவல் வாங்கிய துவக்கோடு போய் நின்றேன்.

"அது உனக்கில்லை," என்றார் மார்செல்.

தாளை எடுத்து என் உச்சரிப்பில் சத்தமாக வாசித்தேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வோயோன், என்ன பேச்சு இது! அது பெண்களுக்காக எழுதியது."

"பெண்கள் என்ற சொல் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். மூன்று பக்கமும் தேடினார். பிறகு தாளைத் திருப்பித் தந்துவிட்டு, அட்டைப் பக்கம் கையைக் காட்டினார்.

முதல் வெடி. உதைத்தது. இல்லையென்று சொல்லமாட்டேன், ஸ்பிரிங் ஒன்றும் மந்திரமில்லை. ஆனால் யாரோ கையால் தள்ளியது மாதிரி இருந்ததே தவிர, இடி இல்லை. கண் மூடவில்லை. இரண்டு. மூன்று. நான்கு. நான்கும் வட்டத்துக்குள்.

"ஸ்பிரிங் இருந்தால் யாரும் சுடுவார்கள்," என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதற்குத்தானே ஐயா அதைச் செய்திருக்கிறார்கள்? யாரும் சுட வேண்டும் என்பதற்குத்தானே? கரடி வரும்போது கூடாரத்தில் ஐந்து பேர் இருப்போம். நான் கண்ணை மூடிக்கொண்டு மண்ணைச் சுட்டால் போகப்போவது என் ஆண்மை மட்டுமா?

வீட்டுக் கதவைத் திறந்த அண்ணன், பாஸா பெயிலா என்று கேட்கவில்லை.

"தோளைக் காட்டு."

சேட்டை விலக்கினேன். பழைய நீலம் போயிருந்தது. புதிதாக ஒன்றும் வரவில்லை. விரலால் அமத்தினார். இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தி அமத்தினார்.

"ஒண்டுமில்லை," என்றார். "போ."

போகிறேன்... ஜூனில், வடக்கே.