அண்ணன் வராத புதன்கிழமைகள்

பேரன்புடைய உறவினர்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அன்று துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணியிடம் இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடும் சாக்கில் என்னை ஓரங்கட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "யூனிட்டு என்ன ஆவப்போவுது?" கேட்டவர்கள்மேல் குறையில்லை. அண்ணன் இல்லாமல் அந்த செராமிக் யூனிட்டை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்த நினைவு மலரில் என்ன எழுதுவது என்று அண்ணியிடம் கேட்டபோது, "மொதல்ல அதுக்கு பதில் எழுதிடு. இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க" என்றார். ஆகவே முதலிலேயே எழுதிவிடுகிறேன். யூனிட் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்பதை, அண்ணனுக்கு ஒரே தங்கையான நான் எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

அண்ணன் நல்லூருக்குப் பக்கத்தில் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. படிப்பில் கெட்டிக்காரர் என்று மலருக்காகப் பொய் எழுத மாட்டேன். விருத்தாசலத்தில் செராமிக் படிப்பு இருக்கிறது, முடித்தால் கையோடு வேலை என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிவிட்டார். படித்து முடித்து, பல ஆண்டுகள் மற்றவர்களின் யூனிட்டுகளில் வேலை பார்த்தார். பிறகு தொழிற்பேட்டையில் ஒரு பழைய கொட்டகையை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பூச்சாடி, ஊறுகாய் ஜாடி, நவராத்திரி நெருங்கினால் கொலு பொம்மை. என்னைப் படிக்க வைத்ததும் கம்மாபுரத்தில் கட்டிக் கொடுத்ததும் அந்தக் கொட்டகைதான்.

அண்ணிக்கு ஊர் எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம். அவர் வந்த பிறகுதான் அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிட்டார். ஒரே மகள் கோவையில் வேலை பார்க்கிறாள். தனக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்று அவள் சொன்னபோது, "உனக்குப் புடிச்சதைப் பாரும்மா" என்று அண்ணன் விட்டுவிட்டார். அதில் அவருக்கு வருத்தமில்லை. தனக்குப் பிறகு யார் என்ற யோசனையே அப்போது அவருக்கு வந்ததில்லை என்பதுதான் உண்மை.

அண்ணனுக்கு எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும். மண் கலவையின் அளவு அவர் தலைக்குள் இருந்தது. பொம்மைக்குப் பளபளப்புக் கொடுக்கும் கிளேஸ் சரியான பதத்தில் இருக்கிறதா என்பதை அவர் விரலை விட்டுப் பார்ப்பார். சூளைக் கதவை எப்போது திறக்கலாம் என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். இதனால் குடும்ப விசேஷங்களில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. என் மகளின் காது குத்தலுக்குத் தாய்மாமன் மடி வேண்டும் அல்லவா, தாய்மாமன் சூளை ஆறட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். குழந்தை பசியில் அழுது அழுது, அண்ணன் வந்து மடியில் வைத்துக் குத்தும்போது அழத் தெம்பில்லாமல் கிடந்தது. "பாத்தியா, என் மடியில உக்காந்தா புள்ள அழுவறதே இல்ல" என்று அதற்கும் பெருமை பேசினார்.

புதிய கேஸ் சூளைக்கு அரசுத் திட்டத்தில் உதவி கேட்டபோது, தொழில்முனைவோர் பயிற்சிக்குப் போய்வந்தால்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர் ஒரு பையை மாட்டிக்கொண்டு, தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "நான் பாக்காத யாவாரத்தையா இவங்க சொல்லித்தரப் போறாங்க" என்று போகும்போதும் வரும்போதும் புலம்பல். நிர்வாகம் பற்றிய பாடத்தன்று பயிற்சி நடத்திய அம்மையார் இவரை எழுப்பி, "நீங்க ஒரு மாசம் படுத்துட்டா யூனிட்டுல யாரு சார் முடிவெடுப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் ஏம்மா படுக்கறேன்?" என்றாராம் அண்ணன். வகுப்பே சிரித்திருக்கிறது.

அந்த அம்மையார் சிரிக்கவில்லை. "படுக்க வேணாம் சார். வாரத்துல ஒரு நாள் யூனிட்டுக்குப் போவாம இருந்து பாருங்க. அன்னைக்கு எது தப்பா போவுதோ, அதை நீங்க இன்னும் யாருக்கும் சொல்லிக் குடுக்கலைன்னு அர்த்தம். மறுநாள் போயி சொல்லிக் குடுங்க" என்றாராம்.

அண்ணன் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிப் போட்டார். அண்ணி நிதானமாகச் சொன்னார். "கல்யாணமானதுலேர்ந்து நானும் இதைத்தான் கேக்கறேன். நான் கேட்டா சண்டை, அவங்க கேட்டா பாடமா?"

அண்ணன் முரடர்தான், ஆனால் சரி என்று பட்டுவிட்டால் விடமாட்டார். புதன்கிழமைகளில் யூனிட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தார். நெடுநாளாக அங்கே அச்சில் மண் கரைசல் ஊற்றும் வேலை செய்துவந்த வசந்தாவைக் கூப்பிட்டு, அன்றைக்கு நீங்கள்தான் பொறுப்பு என்றார். "நான் என்னா தப்பு பண்ணேன் மொதலாளி, இப்படி மாட்டி வுடுறீங்க?" என்று வசந்தா பயந்துபோனார். அண்ணன் தனக்குத் தானே இன்னொரு விதியும் போட்டுக்கொண்டார். புதன்கிழமை வசந்தா எடுத்த முடிவை வியாழக்கிழமை தான் மாற்றக் கூடாது. இது பயிற்சியில் சொன்னதில்லை, அண்ணனின் சொந்தச் சரக்கு.

அண்ணன் புதன்கிழமைகளைக் கழித்த இடம் என் வீடு. விருத்தாசலத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் வந்துவிடுவார். வந்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அண்ணியின் கட்டளை. நான் அதை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவேன். எங்கள் நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுப்பார்களா மாட்டார்களா என்று என் கணவரோடு கொஞ்ச நேரம் பேசுவார். அது முடிகிற பேச்சில்லை என்றாலும் அண்ணனின் காது அரிசி டப்பாப் பக்கமே இருக்கும். பிறகு எழுந்து குழாயை முறுக்குவார், கதவுக்கு எண்ணெய் விடுவார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் தையல் மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டத் தெரியாமல் விழித்தார். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்தவர்களிடம் நான் வாங்கிய பேச்சு அவருக்குத் தெரியாது. இப்போது எழுதிவிட்டேன்.

தொடக்கத்திலேயே ஒரு புதன்கிழமை சூளை கெட்டது. புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர் வண்டியோடு வந்து அவசரப்படுத்த, வசந்தா சூளை ஆறுவதற்கு முன்பே கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார். குளிர்ந்த காற்று பட்டதும் உள்ளே இருந்த ஜாடிகள் டிங் டிங்கென்று ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. மறுநாள் அண்ணன் போனபோது எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டு நின்றார்களாம். அண்ணன் ஒரு ஜாடியை எடுத்து விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்ப தொறக்கணும்னு நான் என்னைக்காவது உங்களுக்குச் சொல்லியிருக்கேனா?" என்று கேட்டார்.

"இல்ல மொதலாளி. நீங்களே கிட்டப் போயி கைய வெச்சுப் பாத்து தொறப்பீங்க" என்றார் வசந்தா.

அன்றே சூட்டைக் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போட்டார். முள் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் கதவு, கலெக்டரே வந்து நின்றாலும் அதற்கு முன் கிடையாது. மண் கலவை அளவும் அப்படியே தலையிலிருந்து இறங்கிச் சுவருக்கு வந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் ஏதாவது ஒன்று தவறாகும், வியாழக்கிழமை அது பாடமாகும். புலம்பிக்கொண்டே பயிற்சிக்குப் போன மனிதர் தானே வாத்தியாராகிவிட்டார் என்று அண்ணி கிண்டல் செய்வார்.

ஒருமுறை பெரிய ஓட்டல்காரர் ஒருவர் ஏராளமான கப்புகள் கேட்டு வந்தார். நவராத்திரி நேரம், ஆட்கள் ஏற்கெனவே திணறுகிறார்கள் என்று வசந்தா மறுத்துவிட்டார். வந்தவர் என் கணவருக்கும் பழக்கம். திரும்பும் வழியில் அவர் என் கணவரைப் போனில் கூப்பிட்டுக் குறைப்பட்டுக்கொள்ள, விஷயம் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. முகம் சிவந்து வண்டிச் சாவியை எடுத்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"ண்ணா, இன்னைக்கு புதன்கிழமை."

"எவ்ளோ பெரிய ஆர்டரு தெரியுமா பாப்பா?"

"பெரிய ஆர்டருதான். ஆனா புதன்கிழமை."

அண்ணன் சாவியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமையும் அந்த ஓட்டல்காரரைக் கூப்பிடவில்லை. அந்த ஆர்டர் திரும்ப வரவும் இல்லை. வசந்தா அன்று எடுத்தது தவறான முடிவு என்றே அண்ணன் கடைசிவரை நினைத்தார், எனக்கும் அப்படித்தான் படுகிறது. பின்னே ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "நான் ஒரு தடவ மாத்துனா போதும், அடுத்த புதன்கிழமை ஒரு முடிவும் எடுக்காம எனக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்றார். என் அண்ணனை நான் மிகவும் மதித்த நாள் அது. அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

பிறகு வயிற்றுவலி வந்தது. சாதாரண வலி என்று தள்ளிப்போட்டார். புதுச்சேரி மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, மருத்துவர் அண்ணியையும் என்னையும் உட்கார வைத்துப் பேசினார். அதற்குப் பிறகு அண்ணனுக்கு எல்லா நாளும் புதன்கிழமை ஆகிவிட்டது. எங்களுக்கு இருந்த பயத்தை மறைக்க விரும்பவில்லை. அண்ணன் உயிருக்கு நாங்கள் பயந்தது ஒரு பக்கம். யூனிட் நின்றால் அண்ணியின் பிற்காலமும் அங்கே வேலை செய்கிற குடும்பங்களும் என்ன ஆகும் என்பது மறுபக்கம். அண்ணன் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அதே நினைப்பாக இருந்தார்.

ஒரு நாள் மாலை மருத்துவமனையில் நான் துணைக்கு இருந்தேன். அண்ணன் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். "பாரு பாப்பா, யூனிட்டுலேர்ந்து ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்க" என்றார். குறைதான் அது, குழந்தை மாதிரி.

"வேணும்னா வசந்தாவைக் கூப்புட்டு ஏதாவது தப்பு பண்ணச் சொல்லட்டுமா?" என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. "அழுவறேன்னு நெனைக்காத. எனக்கு நிம்மதியா இருக்குது" என்றார். நான்தான் அழுதேன்.

அண்ணன் வீட்டிலேயே, அண்ணி பக்கத்தில் இருக்க, ஒரு காலை வேளையில் அமைதியாகப் போனார். அன்று சூளையில் கொலு பொம்மைகள் வெந்துகொண்டிருந்தன. உறவில் பெரியவர் ஒருவர், சாவு வீட்டுக்காரர் சூளை எரியலாமா, உடனே அணைக்கச் சொல்லுங்கள் என்று அண்ணியிடம் வந்து நின்றார். பெயரை எழுதவில்லை, அவரும் இந்த மலரைப் படிப்பார். அழுதுகொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தி, "சூளை சமாச்சாரத்தை என்கிட்ட கேக்காதீங்க மாமா. வசந்தா இருக்காங்க, அவங்களைக் கேளுங்க" என்றார்.

வசந்தா கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாதியில அணைச்சா உள்ள இருக்கறது அத்தனையும் வீணாப் போயிடுங்க. எரியட்டும். ரெண்டு பேரை அங்க வுட்டுட்டுதான் வந்திருக்கோம்" என்றார். பெரியவருக்கு மனத்தாங்கல்தான். ஆனால் சூளை எரிந்தது. கோட்டுக்குக் கீழே முள் இறங்கிய பிறகு திறந்தார்கள். கருமாதி முடிந்து அண்ணியும் நானும் போய்ப் பார்த்தோம். ஒன்றிரண்டு கோணலாக இருந்தன, மற்றவை மினுமினுவென்று வந்திருந்தன. அண்ணி ஒரு பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மூச்சு சீராக வந்ததை அந்தச் சில வாரங்களில் அன்றுதான் பார்த்தேன்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டுக்கு மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், துக்கத்தன்று தங்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்ற தொழிற்பேட்டை நண்பர்களுக்கும், அண்ணனை எழுப்பிக் கேள்வி கேட்ட பயிற்சி அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நேற்று வசந்தா அண்ணியைக் கூப்பிட்டார். "அக்கா, மொதலாளி நெனவு நாளன்னைக்கு பெரிய லோடு இருக்குது. எங்கள்ல ஒருத்தராலயும் வர முடியாதுக்கா. தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். அண்ணி மனம் நொந்துவிடுவாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். "வர வேணாம். வேலையப் பாருங்க. சோறு அங்க வரும்" என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கண்ணனுக்குப் படைக்கறதுக்குக்கூட அங்கேர்ந்து யாரும் வர மாட்டாங்களாம்" என்று சொல்லி, இந்த ஓராண்டில் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ஆகவே அன்று படையல் முடிந்ததும் முதல் சாப்பாடு யூனிட்டுக்குப் போகும். வீட்டுக்கு வரும் சொந்தங்கள் பந்திக்குச் சற்றுப் பொறுத்திருக்குமாறு வேண்டுகிறேன்.

அன்புத் தங்கை,
கம்மாபுரம்