பொய் எழுதாமல் முடித்த ஆய்வேடு

மாரியம்மாவை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் கோச்சடையிலிருந்து செல்வியின் வணக்கம். செவ்வாய்க்கிழமை விளக்கு பூஜைக்கு வருகிறவர்களில் பலருக்கு என்னைத் தெரியும். நான் பட்டது தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் என் முனைவர் பட்டக் கோப்பைக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டிய அலுவலர் ஓரிடத்தில் நின்றார்.

"மேடம், இந்தப் பத்திரிகை நம்ம அங்கீகார லிஸ்ட்ல இல்லையே. நீங்க கட்டுரை போட்டப்பவே எடுத்துட்டாங்க."

"அதனால என்னண்ணே?"

"ரெண்டு கட்டுரை வேணும்ல. ஒங்களுக்கு ஒண்ணுதான் கணக்காகும். ஒண்ணு கொறையுது."

நான் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகச் செய்த ஆய்வு. ஆய்வுக்கு முந்தைய பாடங்களை எழுதித் தேறியிருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழுவின் முன் நின்று பதில் சொல்லியிருந்தேன். ஆய்வேட்டையும் எழுதி முடித்திருந்தேன். பட்டியலில் உள்ள பத்திரிகைதானா என்று மட்டும் பார்க்கவில்லை. சீக்கிரம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அனுப்பினேன். தப்பு என்னுடையதுதான்.

"மாசியோட ஒங்க கடைசி நீட்டிப்பு முடியுது மேடம். அதுக்குள்ள கொண்டு வாங்க, மொத ஆளா வாங்கிக்கிறேன். தாண்டிருச்சுன்னா பதிவே ரத்தாகிரும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

என் அப்பா செக்கானூரணிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். எங்கள் வகையறாவில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எட்டு வருட உழைப்பு. அன்று காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் கணவர் முருகேசனின் பைக் பட்டறைக்குள் போய் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"செத்தா போயிட்டோம்? இன்னொரு கட்டுரை எழுது. எழுதத் தெரியாதவளா நீ?"

எழுதினேன். என் நெறியாளர் மேடம் வரி வரியாகத் திருத்தினார். இந்த முறை பட்டியலை நானே பார்த்து, நல்ல பத்திரிகைக்கு ஆடியில் அனுப்பினேன். புரட்டாசியில் பதில் வந்தது. அதைப் படித்தபோது பழைய அடியே பரவாயில்லை என்று தோன்றியது.

என் ஆய்வு எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றியது. வருடக் கணக்கில் காய்ந்து கிடக்கும் கண்மாயில் தண்ணீர் வந்தால் எந்தெந்தச் செடிகள் மறுபடி முளைக்கின்றன என்று எண்ணிக் கணக்கெடுத்திருந்தேன். பத்திரிகையின் மதிப்பாய்வாளர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். ஒரு முறை தண்ணீர் வந்தபோது கண்டதை வைத்து முடிவு சொல்ல முடியாது. இரண்டாவது முறையும் எண்ணிக் காட்டுங்கள். மூன்று மாதம் அவகாசம்.

நியாயமான கேள்வி. ஆனால் கண்மாயில் மூன்று வருடமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஐப்பசி பிறந்தது. நகரத்தில் தூறல் விழுந்தது. ஊரில் அதுவும் இல்லை. ஆய்வேட்டைப் பக்கம் சீராக்கி பைண்டிங் செய்து தரும் கடை ஒன்று ஆரப்பாளையத்தில் இருக்கிறது. அங்கே என் தவிப்பைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்.

"இதுக்கா மேடம் இம்புட்டு கவலப்படுறீங்க? பழைய கணக்கையே கொஞ்சம் முன்னப் பின்ன மாத்திப் போட்ருங்க. கண்மாய்க்குள்ள எறங்கி எண்ணவா போறாங்க?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். பொய்யான எண்களைப் போட ஆரம்பித்தேன். கொட்டிக்கிழங்குச் செடி முதல் முறை நிறைய முளைத்திருந்தது. அதையே இரண்டு கூட்டி, மூன்று குறைத்து எழுதினேன். கொஞ்சம்கூடக் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

அப்படியே எழுந்து எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அதற்கு முன்பெல்லாம் நான் வேண்டுவது பேரம் மாதிரி இருக்கும். இதை முடித்துக் கொடு, அதைச் செய்கிறேன் என்பேன். அன்று பேரம் வரவில்லை. "தாயே, எனக்குப் பட்டம் வேணும். வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா பொய்யா வேண்டாம். தண்ணி குடு. இல்லன்னா, இத இழந்துட்டு நிமிந்து நிக்கிற தெம்பக் குடு" என்றேன். திரும்பி வந்து எழுதிய அத்தனையையும் அழித்தேன். மறுநாள் பத்திரிகைக்கும் மேடத்துக்கும் உண்மையைச் சொல்லி எழுதினேன். கண்மாய் காய்ந்திருக்கிறது, தண்ணீர் வந்தால் எண்ணுகிறேன் என்றேன். பத்திரிகையிலிருந்து தை மாதம் வரை நேரம் கொடுத்தார்கள்.

அடுத்த செவ்வாயும் விளக்கேற்றினேன். அதற்கடுத்த செவ்வாயும். வானம் வெளுத்தே இருந்தது. ஆனாலும் குச்சிகளைச் சீவி, கயிற்றை அளந்து, எண்ண வேண்டிய இடங்களை வரைபடத்தில் குறித்துத் தயாராக வைத்தேன். கேட்டுவிட்டுக் கையைக் கட்டி உட்கார எனக்கு மனம் வரவில்லை.

கார்த்திகை முதல் வாரம், மதியம், வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். அப்பா போனில் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"ஆத்தா, தண்ணி வருது!"

"எங்கப்பா?"

"மேக்க நல்ல மழையாம். கால்வாயத் தெறந்துட்டாய்ங்க. நம்ம கண்மாய் மடைக்கு வந்துருச்சு. வெரசா கெளம்பி வா."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாணவிகள் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். என் ஒருத்திக்காகத்தான் தண்ணீர் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கண்மாயை நம்பி எத்தனையோ பேர் வேண்டியிருப்பார்கள். அவர்கள் எல்லோரோடும் சேர்த்து என் குரலையும் அம்மா கேட்டாள். எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். விடிந்ததும் முருகேசன் பைக்கில் கொண்டுபோய் விடுவார். முழங்கால் தண்ணீரில் அப்பா கயிற்றின் ஒரு முனையைப் பிடிப்பார், நான் மறுமுனை. கட்டம் கட்டமாக எண்ணுவேன். பிறகு அங்கேயே சேலை மாற்றிக்கொண்டு கல்லூரிக்கு ஓடுவேன். இரண்டாம் வாரம் எருமைகள் பாதிக் குச்சிகளைச் சாய்த்துவிட்டன. மறுபடி நட்டோம்.

அம்மா தண்ணீரை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு பாடமும் கொடுத்தாள். நான் பொய்யாக நிறைய எழுதியிருந்தேனே, அந்தக் கொட்டிச் செடி ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆரைக்கீரை கண்மாய் முழுக்கப் படர்ந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாதான் சொன்னார்: "காஞ்சு கெடந்தப்ப வண்டல் அள்ளுனாய்ங்கள்ல. கெழங்கெல்லாம் அந்த மண்ணோட போயிருக்கும்த்தா." வண்டல் எடுத்த இடம், எடுக்காத இடம் என்று பிரித்துப் பார்த்தேன். எடுக்காத ஒரு மூலையில் மட்டும், ஏழாவது வாரம், நான்கு கொட்டிச் செடிகள் நின்றன. என் முடிவையே மாற்றி எழுதினேன். ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயத்தைத் திருத்தினேன்.

தை மாதம் கட்டுரை ஏற்கப்பட்டது. மாசியில் ஆய்வுக் குழு முன் கடைசிக் கருத்தரங்கம் முடிந்தது. எழுத்துத் திருட்டு இல்லை என்ற சான்றிதழும் வந்தது. கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது அதே மேசை முன் நின்றேன். அந்த அலுவலர் எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை குத்தினார். "திருப்பிக் குடுத்த கையாலயே வாங்கிட்டேன் மேடம்" என்று சிரித்தார்.

இந்த ஆவணியில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் கேட்டது இதுதான்: "முதல் முறை இவ்வளவு வந்த கொட்டி, இரண்டாவது முறை ஏன் வரவில்லை?" நான் பொய்க் கணக்கு எழுதி அழித்த அதே செடி. வண்டல் கதையைச் சொன்னேன். அப்பா சொல்லித்தான் தெரிந்தது என்றும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "உங்க அப்பா வந்திருக்காரா?" என்றார். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு அப்பா எழுந்து நின்றார். தேர்வாளர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். கூடமே கை தட்டியது.

இன்று என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடுகிறார்கள். அதைவிடப் பெரிதாக எனக்குள் ஒன்று மாறியிருக்கிறது. பேரம் பேசி வேண்டுவதை விட்டுவிட்டேன். எது வந்தாலும் உண்மையில் நிற்க வை என்று மட்டும் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை பூஜை முடிந்ததும் ஆய்வு செய்யும் பிள்ளைகள் சிலர் என்னோடு கோயில் வாசலில் உட்காருகிறார்கள். பத்திரிகைப் பட்டியல், நீட்டிப்புக் கெடு, குழுக் கூட்டம் எல்லாவற்றையும் விதிமுறைப் புத்தகத்தை வைத்துச் சேர்ந்தே சரிபார்க்கிறோம்.

கல்வியிலோ வேறு எதிலோ கதவு அடைபட்டு நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் வாருங்கள். உங்கள் தப்பை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டே கேளுங்கள். அவள் கேட்பாள். என் குரலைக் கேட்டாள்.