ஒற்றைக் கொலுசும் 'சாமி' என்ற சொல்லும்

தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளே, நான் காப்பிக் கிளப்பில் மாஸ்டராக இருக்கும் இந்த ஓமலூரில் குழந்தையைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் ஒரு அம்மாள் தெருவில் "சாமி, சாமி" என்று சத்தம் போட, ஏதோ சப்பரம் வருகிறதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். மூக்கு ஒழுக ஒரு பயல் ஓடி வந்தான். நம் பக்கத்தில் 'ஏலே', 'ஏட்டி' என்று அதட்டித்தானே அழைப்போம்? இவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிற ஊரில் குழந்தைகளுக்கு ஒரு குறையும் வராது என்று நினைத்தேன்.

அந்த நாளில் பத்திரிகை முழுக்க ஒரே பேச்சு. பிள்ளைகளைக் கடத்தி விற்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்டச் சென்னையில் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். ஐந்தாம் வகுப்பு படித்தவன் என்பதால் கிளப்பில் நான்தான் உரக்க வாசிப்பேன். தறிக்காரர் கந்தப்பன் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க மாஸ்டரே, சட்டம் வந்தா மொதல்ல உங்களத்தானுங்க புடிப்பாங்க. அசலூர்ப் பேச்சு, தோள்ல சாக்கு. பாத்தாலே புள்ள புடிக்கிறவனாட்டம் இருக்கறீங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் காப்பிக்கொட்டை வாங்க வெறுஞ்சாக்குடன் சேலம் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்தவள் தன் குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஆறு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்தபடி ஏறினார். "வா சாமி. அம்மா சேலத்துல இருக்கறா, சாமி." இந்த ஊர்ப் பேச்சு, இந்த ஊர்ப் பிரியம். தகப்பனார் என்றே எண்ணி எழுந்து, என் ஜன்னலோர இடத்தைக் கொடுத்தேன். அவள் வெளியே பார்க்கவில்லை, அழவும் இல்லை. சேலம் வரும்வரை இமைக்காமல் என் முகத்தையே பார்த்தாள். ஒரு காலில் மட்டும் கொலுசு. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது ஒரு தரம் ஒலிக்கும். மற்றக் காலின் சத்தத்துக்கு என் காது காத்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தபோது கிளப் வாசலில் கூட்டம். என்னைக் கண்டதும் ஒருவர் என் சாக்கைப் பிடுங்கி அவிழ்த்துப் பார்த்தார். காப்பிக்கொட்டை. நடுவில் ஒரு தாய், கையில் ஒற்றைக் கொலுசுடன். "காத்தால கழண்டு ஊட்டுல கெடந்துச்சுங்க. மாட்டியுடலாமுன்னு தேடுனா, புள்ளையக் காணோமுங்க."

கண்டதைச் சொன்னேன். போலீஸிலும் சொன்னோம். சேலம் ரயிலடி வரை தேடியும் அவள் கிடைக்கவில்லை. கிளப்பில் அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்குப் பத்து வருஷம் போதுமா, ஆயுள் முழுக்கவா என்று வாதாடினார்கள். கந்தப்பன் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். தாய் மட்டும் என்னிடம் கேட்டாள்: "சன்னலோரமா உக்காந்திருந்தாளுங்களா? அவளுக்கு அதுதான் புடிக்குமுங்க."

"ஆமாங்க" என்றேன்.

சட்டம் கடுமையாகவே வரட்டும். ஆனால் சாக்கைத் தேடுகிற கண்ணுக்கு வெள்ளைச் சட்டை தெரியாது, பிள்ளைகளே. எனக்கும் தெரியவில்லை.

போன பொங்கலுக்குத்தான் சில வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற என் மகளை, பழக்கதோஷத்தில், "வா சாமி" என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் கதவுக்குப் பின்னால் நகர்ந்தாள். இமைக்காமல் என் முகத்தைப் பார்த்தபடியே உள்ளே குரல் கொடுத்தாள்: "எம்மா, யாரோ வந்திருக்காவ."

'ஏட்டி, நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். நம் ஊர்ச் சொல் நாக்கில் வரவில்லை.