டெலாய் ராஸ்முசன் துப்பாக்கி வாங்குகிறார்

மாலை ஐந்தே காலுக்கு டெலாய் ராஸ்முசன் ஆல்ரெட் ஹார்டுவேர் கடையின் பின்பக்கக் கவுண்டரில் நின்றுகொண்டு, பெயிண்ட் டப்பாக்களுக்கு மேலே மாட்டியிருக்கும் பாடம் செய்த மூஸ் மான் தலையின் இடது கண்ணைக் குறிபார்க்கிறார். முதலில் பச்சைக் கட்டை போட்ட துப்பாக்கி. அடுத்து சாம்பல். பிறகு மறுபடியும் பச்சை. ஒவ்வொரு முறையும் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, குண்டில்லாத துப்பாக்கியின் விசையை இழுப்பார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். மே மாதத்திலிருந்து இது நடக்கிறது. மூஸுக்குப் பழகிவிட்டது.

“இன்னிக்கு எது, பிரதர் ராஸ்முசன்?” என்பார் கடைக்காரர் தோர்ன் ஆல்ரெட். வாரநாளில் ஆணியும் துப்பாக்கியும் விற்கும் அவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர் தேவாலயச் சபைக்கு பிஷப்.

“பச்சைதான் பிஷப். முடிவு பண்ணிட்டேன்.”

“நேத்து சாம்பல்னு முடிவு பண்ணீங்களே?”

“அது நேத்து முடிவு.”

டெலாய்க்கு ஐம்பத்து நான்கு வயது. சான்பீட் பள்ளத்தாக்கின் மண்சாலைகளைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டுகிறார். எந்த மேட்டைச் சீவுவது, எந்தப் பள்ளத்தை நிரப்புவது என்பதில் இருபத்தாறு வருடமாக அவருக்கு ஒரு கணமும் குழப்பம் வந்ததில்லை. வந்ததெல்லாம் இந்த மே மாதம்தான். கிழக்கு மலையில் ஓர் ஆண் எல்க் மானைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டுக்கு அவர் பத்தொன்பது வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் குலுக்கலில் பெயர் வராது; ஆறுதலாக, அடுத்த குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டும் ஒரு புள்ளி வரும். இந்த வருடம் பெயரே வந்துவிட்டது. அடுத்தது இதே வேகத்தில் வந்தால் அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது.

அந்த மலையில் எல்லாம் எட்டத்தில் நிற்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஓர் ஓடைப் பள்ளத்தின் இந்தக் கரையில் மனிதன், அந்தக் கரையில் கொம்பு, நடுவில் ஐந்நூறு கெஜம் காற்று. “என் பழைய துப்பாக்கி முந்நூறு கெஜத்தோட ரிடையர்டு” என்று டெலாய் அறிவித்தார். அவர் மனைவி ரநே, மேலே மாட்டும் குறிநோக்கி ஸ்கோப்புக்குத் தனியாக வைத்துவிட்டுத் துப்பாக்கிக்கு ஆயிரத்து இருநூறு டாலர் என்று சொன்னாள். ரநேயும் வேட்டைக்காரிதான். ஒவ்வொரு இலையுதிர் காலமும் சாதாரணப் பெண் எல்க் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, தன் குட்டைத் துப்பாக்கியோடு சனிக்கிழமை விடியலில் கிளம்புவாள். ஞாயிறு ஆராதனைக்குள் இறைச்சி உறைபெட்டிக்குள் போயிருக்கும். அந்தத் துப்பாக்கியின் குழல்வாய் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள்.

ஆயிரத்து இருநூறுக்குள் இவ்வளவு நல்ல துப்பாக்கிகள் இருப்பதுதான் டெலாயின் துரதிருஷ்டம். பச்சை, ஆறரை மில்லிமீட்டர்: தோளில் மெதுவாகத் தட்டும், குழல் கனமானது. சாம்பல், ஏழு மில்லிமீட்டர் மேக்னம்: தூரத்தில் பலமாக அடிக்கும், அந்தக் கணக்கை நம் தோளிலும் எழுதும். இரண்டும் ஆலையிலிருந்து உத்தரவாதச் சீட்டோடு வருகின்றன. நூறு கெஜத்தில் மூன்று தோட்டா ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். “ஒரு இஞ்சு! எழுதியே குடுத்திருக்கான்!” என்று டெலாய் கிரேடருக்கு டீசல் போடுபவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

ஊரில் அவர் கேட்காத ஆள் இல்லை. அவரவர் வீட்டில் எது இருந்ததோ அதையே எல்லோரும் சிபாரிசு செய்தார்கள். பல் டாக்டர், டெலாயின் வாய்க்குள் இரண்டு கைகளையும் விட்டபடி, “ஏழுதான். வேற பேச்சே இல்ல” என்றார். உண்மையிலேயே வேறு பேச்சுக்கு அங்கே இடமில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு. சபையார் இரண்டு வேளை சாப்பிடாமல் ஜெபிக்கும் நாள். அவர்களில் சிலர் நோயாளிகளுக்காகவும், சிலர் மழைக்காகவும் ஜெபித்தார்கள். டெலாய் மில்லிமீட்டருக்காக ஜெபித்தார். சரியான பதிலானால் நெஞ்சில் ஒரு கதகதப்பு வரும் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர். சாயங்காலம் ஐந்தரைக்கு, சாம்பல் துப்பாக்கியை நினைத்துக்கொண்டிருந்தபோது, கதகதப்பு வந்தேவிட்டது. ஆனால் அதே நேரத்தில் ரநே பரிமாறிய, சீஸ் உருகிய உருளைக்கிழங்கின் முதல் கரண்டியும் நெஞ்சைக் கடந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை கவுண்டரில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “பதில் வந்துச்சு பிஷப். ஆனா துப்பாக்கிக்கு வந்துச்சா, கிழங்குக்கு வந்துச்சான்னு தெரியல.”

பிஷப் கடை ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். “சபை விஷயமா கேக்குறீங்கன்னா, கர்த்தர் உங்களுக்கு மூளையும் குடுத்திருக்கார்.” ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டார். “கடை விஷயமா கேக்குறீங்கன்னா, சாம்பல்ல ஒன்னுதான் இருக்கு.”

பிஷப்புக்கு உண்மையில் இரக்க குணம். தன் ஏழு மில்லிமீட்டரையும், மருமகனின் ஆறரையையும் இரவல் கொடுத்தார். செவ்வாய் சாயங்காலம் ஜல்லிக் குழியில் ரநே காகிதத் தட்டுகளைப் பிளந்த குச்சிகளில் செருகி நட்டாள். அந்த ஊர் வழக்கம் இது: உட்கார்ந்து சுட்டு, தட்டில் ஐந்துக்கு ஐந்து விழுகிற தூரம் எதுவோ, அதைத் தாண்டி ஒரு மிருகத்தைச் சுடுவது மரியாதை இல்லை. இருநூறு கெஜத்தில் ஆறரை ஐந்து, ஏழும் ஐந்து. முந்நூறில் ஆறரை நான்கு, ஏழும் நான்கு. நானூறில் ஆளுக்கு இரண்டு. ஐந்நூறில் இருந்த தட்டு, பிற்பாடு சாப்பிடுவதற்குப் பயன்படும் நிலையில் இருந்தது.

“எழுதியே குடுத்திருக்கானே!” என்றார் டெலாய்.

“துப்பாக்கிக்குத்தான் எழுதிக் குடுத்திருக்கான். உனக்கு எவன் எழுதிக் குடுத்தான்?” ரநே பைனாகுலரை இறக்கினாள். “ரெண்டும் உன்னப் பத்தி ஒரே மாதிரிதான் சொல்லுது. உன் தூரம் இருநூறு. காலு எதுக்கு இருக்கு? கிட்டப் போய்ச் சுடு.”

டெலாய் இரண்டு துப்பாக்கிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “எத எடுத்துக்கிட்டு கிட்டப் போறது?”

வியாழக்கிழமை ரநே சமையலறையில் பீச் பழங்களைத் தோலுரித்துப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள். மேஜையின் மறுமுனையில் டெலாய் ஒரு படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன அது?”

“சீட்டத் திருப்பிக் குடுக்கற ஃபாரம். சீசனுக்கு முப்பது நாளைக்கு முன்னாடி குடுத்துட்டா புள்ளி எல்லாம் திரும்ப வந்துருமாம். நாளைக்குத்தான் கடைசி. குடுத்துட்டா, அடுத்த வருஷம் நிதானமா...”

“புள்ளி வரும். குலுக்கல்ல உன் பேர் வரும்னு எவன் சொன்னான்?”

டெலாய் படிவத்தை நேராக்கி வைத்தார். ரநே கத்தியோடு வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “காரணம்னு ஒரு கோடு போட்டு வெச்சிருக்கானே. என்ன எழுதப் போற?”

அந்தக் கோட்டைத்தான் அவர் அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “சொந்தக் காரணம்னு போடலாம்னு...”

“சொந்தமா? பாதிப் பள்ளத்தாக்கக் கேட்டாச்சே!” பழத்திடம் திரும்பிப் போனாள். “நாளைக்கு அஞ்சு மணிக்கு வனவிலங்கு ஆபீஸ மூடிருவான். ஒன்னு அங்க போ, இல்ல பிஷப்புகிட்ட போ. ரெண்டுல எதுன்னு மட்டும் என்னக் கேக்காத.”

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு டெலாயின் பிக்கப், நெடுஞ்சாலை முனையில் உள்ள ‘நில்’ பலகைக்குக் கட்டுப்பட்டு நின்றது. இடப்பக்கம் வனவிலங்கு அலுவலகம். வலப்பக்கம் ஹார்டுவேர் கடை. அந்தப் பலகைக்கு இவ்வளவு நேரம் கட்டுப்பட்டவர்கள் அந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. பின்னால் ஒரு வான்கோழி லாரி மூன்று முறை ஒலியெழுப்பியது. லாரிக்காரர் தலையை நீட்டி, “அண்ணே, அங்கயே குடி வந்துட்டீங்களா?” என்றார். இடதுபக்கம் திரும்ப வண்டிகள் வழிவிடவில்லை. வலதுபக்கம் காலியாக இருந்தது. டெலாய் வலதுபக்கம் திரும்பினார்.

பிஷப் இரண்டையும் எடுத்துக் கவுண்டரில் வைத்தார். இன்று ஒன்றும் கேட்கவில்லை. டெலாய் குறிபார்க்கவும் இல்லை. கண்ணை மூடித் திறந்து, “பச்சை” என்றார். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். பிஷப் அவர் மனம் மாறுவதற்குள் விண்ணப்பத்தை நீட்டினார். அதிலிருந்த அத்தனை ‘ஆம்–இல்லை’ கேள்விகளுக்கும் டெலாய் தயங்காமல் பதிலெழுதினார். வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க பிஷப் தொலைபேசியில் கூப்பிட்டார், காத்திருந்தார், தலையசைத்தார். அட்டையைத் தேய்த்தாயிற்று. பச்சைத் துப்பாக்கி பெட்டிக்குள் போயிற்று. மணி ஐந்து அடித்து மூன்று நிமிடம். வனவிலங்கு அலுவலகத்தில் கதவைப் பூட்டியிருப்பார்கள்.

“நல்ல சாமான், பிரதர் ராஸ்முசன். கவலைப்படாம போங்க” என்றார் பிஷப்.

“ரொம்ப நன்றி பிஷப். மனசுக்கு இப்பத்தான் நிம்மதி.”

டெலாய் வலதுகையால் பெட்டியைத் தூக்கினார். பிஷப் சாம்பல் துப்பாக்கியை அலமாரியில் திரும்ப வைக்க எடுத்தார். அது வரவில்லை. இன்னொரு தடவை, சற்று பலமாக இழுத்துப் பார்த்தார்.

“டெலாய், விடுங்க” என்றார்.

அதன் குழலைப் பற்றியிருந்த தன் இடதுகையை டெலாயும் குனிந்து பார்த்தார்.